இரட்டை சைலன்சரைத் தொங்கவிட்ட கதை: ஒரு 1966 மஸ்டாங்கின் நிகழ்வு ஆய்வு

கார் 1966 ஃபோர்டு மஸ்டாங், இரண்டு கதவு கூப்பே. அதன் அடையாள எண் 6எஃப்07சி என்று தொடங்குகிறது. 6 என்றால் 1966. எஃப் என்றால் மிச்சிகனின் டியர்போர்ன் ஆலை. 07 கூப்பே. சி என்றால் இரண்டு துளை கார்புரேட்டர் வைத்த 289 கன அங்குல வி8 எஞ்சின், 200 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் மூன்று வேக சி4 ஆட்டோமேட்டிக். ஆலையிலிருந்து இந்தக் கார் ஒற்றைப் புகைக்குழாயோடு வெளியே வந்தது. எஞ்சினின் இரண்டு பக்கக் குழாய்களும் அடியில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே சைலன்சர் வழியாகப் பின்னால் போகும் அமைப்பு. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்தத் தகவல்தான் அடிப்படை.

காரின் சொந்தக்காரர் எனக்கு அண்ணன் முறை. மிச்சிகனில் கேன்டன் ஊரில் இருக்கிறார். வி8 என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சத்தம் வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. உள்ளூர் கடை ஒன்றில் இரட்டைக் குழாயும் இரட்டை சைலன்சரும் மாட்டிக்கொண்டார். குழாய் இரண்டேகால் அங்குலம், அலுமினியப் பூச்சு கொடுத்த சாதா இரும்பு. வளைவுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழாயைச் செய்தவருக்குக் கைவேலை தெரிந்திருக்கிறது. அதை எப்படித் தொங்கவிடுவது என்பதில்தான் கோட்டை விட்டிருந்தார்.

முதல் புகார் தொலைபேசியில் வந்தது. "தம்பி, கியர் போட்டா கீழ யாரோ சுத்தியல்ல தட்டுற மாதிரி கேக்குது. டிரைவ்ல போட்டா என் காலுக்குக் கீழ. ரிவர்ஸ்ல போட்டா அந்தப் பக்கம்."

இரண்டாவது, மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு ஙொய்யென்ற இரைச்சல். ஜன்னலை ஏற்றினால் அது குறைவதற்குப் பதில் கூடியது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணியோடு பேசமுடியவில்லை என்றார். மூன்றாவது புகார் ஆகஸ்டில் வந்தது. டெட்ராய்ட்டுக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் ஆண்டுதோறும் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. அன்று அந்தச் சாலையில் வண்டிகள் நடைவேகத்தில்தான் நகரும். மூன்று மணி நேரம் அப்படி ஊர்ந்த பிறகு, இடப்பக்கக் குழாயின் பின்முனை சட்டென்று கீழே தொங்கிவிட்டது. ஒரு கம்பியால் பம்பரோடு கட்டி வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

அடியில் படுத்துப் பார்த்தபோது

காரைத் தூக்கி நான்கு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு முதலில் தேடியது பளபளக்கும் இடங்களை. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பும் துருவுமாக இருக்கும் காரில், இரும்பும் இரும்பும் உரசும் இடம் மட்டும் வெள்ளிக்காசு போல மின்னும். இங்கே மூன்று இடங்கள் மின்னின. இடப்பக்க சைலன்சரின் மேல்விளிம்பு தரைத்தகட்டைத் தொடும் இடம். வலப்பக்கத்தில் அதற்கு நேரான இடம். அப்புறம், வலப்பக்கக் குழாய் ஹேண்ட் பிரேக் கேபிளை ஒட்டிப்போகும் இடம். கேபிளில் இரண்டு இழைகள் ஏற்கெனவே அறுந்திருந்தன. வந்த காரியம் சைலன்சர் என்றாலும், அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பிரேக் கேபிளை உரசும் குழாயோடு ஒரு குடும்பம் நெடுஞ்சாலையில் போயிருக்கிறது.

தொங்கவிட்ட விதம் இப்படி இருந்தது. எஞ்சினின் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு வாய்) தொடங்கும் குழாய்க்கு, சைலன்சர் வரும்வரை எந்தத் தாங்கலும் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அந்தரத்தில் நின்றது. சைலன்சரின் முன்பக்கத்தை, வரிசையாக ஓட்டை போட்ட தகரப் பட்டையால் இழுத்து, தரைத்தகட்டில் இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். ரப்பரே கிடையாது. பின்சக்கரங்களின் அச்சான ஆக்ஸிலுக்குப் பின்னால் குழாயின் கடைசி முனையை ஒரு ரப்பர் ஹேங்கரில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஹேங்கரை நேராகப் பின்சட்டத்தின் அடித்தகட்டில் திருகியிருந்தார்கள்.

அந்தப் பின்சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மஸ்டாங்குக்குத் தனி சேஸிஸ் இல்லை. தகட்டைப் பெட்டிபோல மடித்து உடம்போடு ஒட்ட வைத்த நீளச் சட்டங்கள்தான் அதன் முதுகெலும்பு. 1965 ஏப்ரலில் ஜி.டி. என்ற கூடுதல் வசதித் தொகுப்பு வந்தபோது அதோடு இரட்டைக் குழாயும் வந்தது. ஆலையில் அந்தக் கார்களுக்கு மட்டும், பின்சட்டத்தில் ஹேங்கர் பிடிக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு வலுத்தகட்டை வெல்டு செய்தார்கள். இன்றைக்கு ஒரு மஸ்டாங்கை உண்மையான ஜி.டி. என்று விற்க வந்தால், விவரம் தெரிந்தவர்கள் பேட்ஜைப் பார்க்கமாட்டார்கள். கீழே குனிந்து அந்தத் தகடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சின்னத்தை ஒட்டிவிடலாம், தகட்டை நினைத்துப் பார்த்து வெல்டு செய்பவர்கள் குறைவு.

அண்ணன் கார் ஒற்றைக் குழாய்க் கார். வலுத்தகடு இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் வெறும் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ. இடப்பக்கம் அந்த இரண்டு ஓட்டைகளும் புளியங்கொட்டை நீளத்துக்குக் கிழிந்திருந்தன. ஒரு ஸ்க்ரூ போய்விட்டது. மற்றது ஹேங்கரோடு கீழே தொங்கியது.

முதல் வைத்தியம் தவறிப்போனது

கிழிந்த இடம் கண்ணெதிரே இருக்கும்போது அதுதான் நோய் என்று நினைப்பது எளிது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹேங்கர் பிடிக்கப் போதிய வலு இல்லை, வலு கொடுத்தால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன்.

வெல்டிங்குக்கு முன்னால் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே புல்தரையில் தூரமாக வைத்தோம். இந்தக் காரில் டேங்கின் மேல்தட்டுதான் டிக்கியின் தரை. 16 கேலன் பிடிக்கும் டேங்க் இரண்டு பின்சட்டங்களுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹேங்கர் பிடிக்கும் இடத்திலிருந்து ஒரு கை தூரம்கூட இல்லை. "ஈரத்துணி போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரை அந்த வேலைக்குச் சேர்க்காதீர்கள். பிறகு 3 மி.மீ. தகட்டை வெட்டி, ஓரங்களில் விட்டுவிட்டு வெல்டு வைத்து, நடுவில் துளை போட்டு அடைத்து, ஆலையில் செய்ததுபோலவே இரண்டு பக்கமும் பொருத்தினேன். அதுவரை சரி.

ஆனால் அதோடு நிற்காமல், பழைய மெத்தென்ற ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான பாலியூரிதேன் ஹேங்கர் போட்டேன். சைலன்சர் முன்பக்கத் தகரப்பட்டையையும் தடித்த பட்டையாக மாற்றி இறுக்கினேன். அசையாமல் இருந்தால் இடிக்காது என்பது என் கணக்கு.

இடிச்சத்தம் குறைந்தது உண்மை. இரைச்சலோ இரண்டு மடங்கானது போலத் தோன்றியது. இரண்டே வாரத்தில் வலப்பக்க மேனிஃபோல்டின் அடியில் இருக்கும் குழாய் இணைப்பில் புகை கசிய ஆரம்பித்தது. இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் திருகுத் தண்டுகளில், அதாவது ஸ்டட்டுகளில், ஒன்று முறிந்திருந்தது. அசையவிடாமல் பிடித்த இடத்தில் அசைவு நிற்கவில்லை. வேறு இடத்தில் போய் உடைத்தது.

அப்போதுதான் உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தேன். முதலிலேயே செய்திருக்கவேண்டிய சோதனையையும் அப்போதுதான் செய்தேன்.

எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் முன்னும் பின்னும் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, செல்போனை ஒரு சின்ன ஸ்டாண்டில் சைலன்சரைப் பார்த்தபடி அடியில் வைத்தேன். இரண்டு சைலன்சரிலும் வெள்ளைச் சாக்பீஸால் கோடு. பக்கத்தில் ஒட்டிய இரும்பு அளவுகோல். தடித்த பட்டைகளைக் கழற்றிவிட்டேன். அண்ணன் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடித்து, டிரைவில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தார். நான் பக்கவாட்டில் தள்ளி நின்றேன். இந்தச் சோதனையின்போது யாரும் காருக்கு அடியில் இருக்கக்கூடாது.

படத்தில் பார்த்தால், டிரைவில் இடப்பக்க சைலன்சர் 14 மி.மீ. மேலே ஏறியது. வலப்பக்கம் 8 மி.மீ. கீழே இறங்கியது. ரிவர்ஸில் எல்லாம் தலைகீழ். அண்ணன் சொன்ன "டிரைவ்ல என் காலுக்குக் கீழ, ரிவர்ஸ்ல அந்தப் பக்கம்" என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. காரைத் தினமும் ஓட்டுபவர் சொல்வதை வார்த்தை மாறாமல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதன் காரணம் எளிது. எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும்போது, அதே அளவு விசை எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எதிர்ப்பக்கம் திருகும். சி4 கியர்பாக்ஸின் முதல் கியர் எஞ்சின் விசையை 2.46 மடங்காக்குகிறது. அந்தப் பெருக்கிய விசை முழுவதையும் தாங்குபவை, எஞ்சினைக் காரின் உடம்போடு பிடித்துவைக்கும் எஞ்சின் மவுண்டின் ரப்பர்கள். முன்னால் போகும்போது அமெரிக்கக் காரில் ஓட்டுநர் பக்கமான இடப்பக்கம் தூக்கும். அதனால்தான் இந்த வகை வி8 கார்களில் இடப்பக்க மவுண்ட்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். 1971 இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் எஞ்சின் மவுண்ட் பிரச்சினையால்தான். அண்ணன் காரின் இடப்பக்க மவுண்டைக் கம்பியால் நெம்பிப் பார்த்தேன். ரப்பர் இரும்பிலிருந்து முழுசாகப் பிரிந்து, வாய் பிளந்த சிப்பி மாதிரி இருந்தது.

ஆக, புகைக்குழாய் எஞ்சினோடு பிறந்தது. எஞ்சின் சாய்ந்தால் அதுவும் சாய்ந்தாகவேண்டும். காரின் உடம்பு தனி. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் இருப்பதே அதனால்தான். நான் செய்தது, எஞ்சினையும் உடம்பையும் ஒரு இரும்புக் குழாயால் பின்வாசல் வழியாக மறுபடி கட்டிப்போட்டது. எஞ்சினின் அதிர்வு மவுண்டைத் தாண்டி, குழாய் வழியாகத் தரைத்தகட்டில் ஏறியது. தகடு தவில் போல அதிர்ந்தது.

அந்த 60 மைல் இரைச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் காரின் கியர் விகிதத்தில் 60 மைலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,400 சுற்று ஓடுகிறது. எட்டு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சின் (ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும்) என்பதால் வினாடிக்கு 160 வெடிப்பு. இரண்டு பக்கமும் சமமாகப் பங்கு போட்டால் பக்கத்துக்கு 80 சீரான தட்டு கிடைக்கும். ஆனால் அது சீராக இருப்பதில்லை. 289 எஞ்சினின் வெடிப்பு வரிசை 1-5-4-2-6-3-7-8. இதில் 1 முதல் 4 வரை வலப்பக்கம், 5 முதல் 8 வரை இடப்பக்கம். வலப்பக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள்: ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 180 டிகிரி, 90, 180, 270 என்று வரும். இடப்பக்கமும் அதே போல நொண்டும். வி8 நின்றபடி ஓடும்போது கேட்கும் அந்தக் குடுகுடு சத்தத்தின் ரகசியமே இந்த நொண்டல்தான். ஒற்றைக் குழாயில் இரண்டு நொண்டலும் சேர்ந்து சீராகிவிடும். இரண்டு தனிக் குழாய்களாகப் பிரித்ததும் ஒவ்வொரு சைலன்சரும் தன் நொண்டலைத் தானே சுமக்கிறது. கடை போட்ட அமைப்பில் இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய் இல்லை.

மூன்றாவது, வெப்பம். குழாய் மேனிஃபோல்டிலிருந்து பின்முனை வரை 3.6 மீட்டர். முன்னால் அதிகச் சூடு, பின்னால் குறைவு. சராசரியாக 250 டிகிரி செல்சியஸ் ஏறியதாக வைத்துக்கொண்டால், சாதா இரும்பு ஏறத்தாழ 11 மி.மீ. நீளும். துருப்பிடிக்காத 304 இரும்பாக இருந்தால் 15 மி.மீ. தாண்டிவிடும். முன்முனை எஞ்சினில், நடுப்பகுதி தகரப்பட்டையில் இறுகியிருக்க, அந்த நீட்சிக்குப் போக இடம் பின்பக்கம்தான். உட்வர்ட் அவென்யூவில் காற்றே படாமல் ஊர்ந்த அந்த மூன்று மணி நேரத்தில் குழாய் நன்றாகச் சூடேறி, கடைசி ஹேங்கரைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏற்கெனவே தளர்ந்த ஸ்க்ரூ அன்று கழன்றது.

இரண்டாவது வைத்தியம்

முதலில் எஞ்சின் மவுண்ட் இரண்டும், கியர்பாக்ஸ் மவுண்டும் புதிது. இதைச் செய்யாமல் குழாயைத் தொடுவதே வீண். மறுபடி அதே சாக்பீஸ் சோதனை: இடப்பக்க ஏற்றம் 14 மி.மீ.லிருந்து 6 ஆனது.

அடுத்து குறுக்குக் குழாய். கியர்பாக்ஸுக்குக் கீழே இரண்டு குழாய்களையும் இணைத்து வெல்டு வைத்தேன். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எச் எழுத்து போல இருக்கும். இதனால் இரண்டு பக்க அழுத்தமும் பகிர்ந்துகொள்கிறது. இரண்டு குழாயும் ஒரே சட்டமாக மாறி ஒன்றாகச் சாய்கின்றன.

இந்தக் குறுக்குக் குழாய்தான் முதல் தாங்கலுக்கும் சரியான இடம். 5 மி.மீ. பட்டையில் ஒரு பிராக்கெட் செய்து, கியர்பாக்ஸின் வால்பகுதியில் மவுண்ட் பிடிக்கும் போல்ட்டுகளிலேயே சேர்த்துப் பிடித்தேன். கவனிக்கவேண்டியது, பிராக்கெட் கியர்பாக்ஸைப் பிடிக்கவேண்டும். அதற்குக் கீழே உடம்போடு போல்ட் செய்திருக்கும் குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கக்கூடாது. இரண்டும் இரண்டு அங்குலம் தள்ளித்தான் இருக்கின்றன, கை தவறினால் பழைய கதைதான். இந்த இடத்தில் ரப்பர் வேண்டாம். எஞ்சினும் கியர்பாக்ஸும் குழாயும் ஒரே உடம்பு, ஆடினால் சேர்ந்து ஆடட்டும். மேனிஃபோல்டின் ஸ்டட்டுகள் இனி பாரம் சுமக்கவேண்டியதில்லை. கழற்றி எடை போட்டபோது ஒரு பக்கக் குழாயும் சைலன்சரும் சேர்ந்து 13 கிலோ இருந்தது. அது முழுக்க அந்த ஸ்டட்டுகளிலும் ஒரு தகரப்பட்டையிலும் ஒரு கிழிந்த தகட்டிலும்தான் இவ்வளவு நாளும் தொங்கியிருக்கிறது.

அங்கிருந்து பின்னால் எல்லாமே மெத்தென்று. சைலன்சரின் பின்வாயில் ஒரு ஹேங்கர், ஆக்ஸிலைத் தாண்டிக் கடைசி முனையில் ஒரு ஹேங்கர். இரண்டும் பழைய முறைப்படி துணி கோத்த ரப்பர் பட்டை. பாலியூரிதேனைத் தூக்கிப் போட்டேன். சைலன்சரின் முன்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பக்கத்துக்கு ஒரு இறுக்கம், இரண்டு தொங்கல், அவ்வளவுதான். நான்காவது ஹேங்கர் போடத் தோன்றும். போடவில்லை.

ஹேங்கரை நேராகத் தொங்கவிடாமல், குளிர்ந்த நிலையில் கீழ்முனை 5 மி.மீ. முன்னால் சாய்ந்திருக்கும்படி வைத்தேன். குழாய் சூடாகி நீண்டதும் அது செங்குத்தைத் தாண்டி அதே அளவு பின்னால் சாயும். ரப்பருக்கு இரண்டு பக்கமும் சமமான வேலை.

ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் இடம்தான் அதிக நேரம் எடுத்தது. உடம்பை ஸ்டாண்டில் நிறுத்தினால் ஆக்ஸில் கீழே தொங்கும், இடைவெளி தாராளமாகத் தெரியும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஸ்டாண்டை ஆக்ஸிலுக்குக் கீழே மாற்றி, வண்டியின் பாரம் லீஃப் ஸ்பிரிங்கில் இறங்கும்படி வைத்தோம். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சம்பழ அளவு உருட்டிக் குழாயின் அடியில், ஆக்ஸிலுக்கு நேராக ஒட்டினேன். அண்ணன், அவர் மகன், பக்கத்து வீட்டுக்காரர் மூவரும் பின்சீட்டிலும் டிக்கியிலுமாக ஏறி நாலைந்து தடவை குதித்தார்கள். இறங்கியதும் கத்தியால் களிமண்ணை வெட்டிப் பார்த்தால் வலப்பக்கம் 19 மி.மீ. இடப்பக்கம் 7 மி.மீ. தான். இடப்பக்கக் குழாயை ஒரு விரல் உயர்த்தித் திருப்பி மறுபடி சோதித்தபோது 18 வந்தது. மேடு பள்ளத்தில் இதைவிடக் கூடுதலாக அமுங்கும் என்பதால் 15க்குக் குறைய விடமாட்டேன். ஹேண்ட் பிரேக் கேபிளைப் புதிதாக மாற்றி, குழாயிலிருந்து 25 மி.மீ. தள்ளி இழுத்தோம்.

கிளாம்ப்பில் ஒரு மாற்றம். யு வடிவ கிளாம்ப் குழாயை நசுக்கிப் பிடிக்கும், அப்புறம் திருப்பவே முடியாது. இப்படி ஏற்றி இறக்கி ஒட்டுப்பார்க்கும் வேலைக்கு அகலப்பட்டை கிளாம்ப்தான் தோது. எல்லாவற்றையும் கையிறுக்கமாக விட்டு, காரைச் சக்கரத்தில் இறக்கி, எஞ்சினை 15 நிமிடம் ஓடவிட்டோம். குழாய் தன் இடத்தைத் தானே தேடிக்கொண்ட பிறகு, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்கினேன். பின்னாலிருந்து முன்னால் இறுக்கினால் கோணல் எல்லாம் மேனிஃபோல்டில் போய்த் தேங்கும்.

அதன் பிறகு

கியர் போட்டால் சத்தம் இல்லை. 60 மைலில் இரைச்சல் போய், வி8க்கே உரிய அடித்தொண்டைக் குரல் மட்டும் இருக்கிறது. அண்ணி பின்சீட்டிலிருந்து பேசியது முன்னால் கேட்டது. 1,900 சுற்று வாக்கில் ஒரு மெல்லிய ரீங்காரம் இன்னும் வருகிறது. அதைத் தொங்கலின் தலையில் போடமாட்டேன். ஹேங்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்த்தேன், ரீங்காரம் மாறவில்லை. அது சைலன்சரின் உள்ளமைப்பில் இருந்து வருவது. அடுத்த குளிர்காலத்தில் வேறு ஜோடி போட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்த ஆகஸ்டில் மறுபடி உட்வர்ட் போனார். நான்கு மணி நேரம் ஊர்ந்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சும் அளவுகோலுமாகப் பின்பக்கம் மண்டியிட்டேன். இடப்பக்க ஹேங்கர் 6 மி.மீ. பின்னால் சாய்ந்திருந்தது. வலப்பக்கம் 5. குழாய் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. அரை மணி கழித்து மறுபடி பார்த்தபோது இரண்டும் முன்னால் திரும்பியிருந்தன.